இலோயிலோ, பக்கோலோத் பக்கம் போகிறவர்களுக்கு: ஹிலிகைனோன் பேசத் தொடங்குவது எப்படி

பிலிப்பைன்ஸுக்குப் புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் நாலு தகாலோக் சொற்களைப் படித்துக்கொண்டு விமானம் ஏறுவார்கள். மணிலாவுக்கு அது போதும். இலோயிலோவிலும் பக்கோலோதிலும்கூட அந்தச் சொற்கள் எல்லோருக்கும் புரியும், பதிலும் கிடைக்கும். ஆனால் அந்த ஊர்களில் வீட்டுக்குள்ளும், மீன் சந்தையிலும், ஜீப்னி என்ற பயணிகள் வண்டியிலும், சாவு வீட்டிலும், கல்யாண வீட்டிலும் பேசுகிற மொழி வேறு. அதுதான் ஹிலிகைனோன். 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தாய்மொழி. தகாலோக், செபுவானோ, இலோக்கானோ மொழிகளுக்கு அடுத்து நான்காவது இடத்தில் இதை வைப்பது வழக்கம்.

படிப்புக்கோ வேலைக்கோ போகிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கப்பலில் வேலை பார்ப்பவர்களுக்கும் உதவும். இலோயிலோ மாலுமிகளுக்குப் பேர்போன ஊர், ஜான் பி. லாக்சன் கடல்சார் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. அந்த ஊரில் கால் வைக்காமலேயே, கப்பலின் சாப்பாட்டு அறையில் இந்த மொழி உங்கள் காதில் விழலாம்.

முதல் படி: எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று பாருங்கள்

பலரும் தவறவிடுவது இதைத்தான். பிலிப்பைன்ஸின் நடுப்பகுதியான விசாயா தீவுகளில் ஒரு மலையைத் தாண்டினால் மொழி மாறிவிடும். ஊரைப் பார்க்காமல் மொழியைப் படித்தால் உழைப்பு வீணாகும்.

ஹிலிகைனோன் பேசும் நிலத்தின் நடுமையம் பனாய் தீவில் உள்ள இலோயிலோ நகரமும் அதைச் சுற்றிய கடலோரமும். எதிரே சின்னத் தீவாகத் தெரியும் கிமாராஸிலும் இதே மொழிதான். இலோயிலோவிலிருந்து படகேறினால் கால் மணி நேரத்தில் அங்கே இருக்கலாம். கிழக்கே கடலைத் தாண்டினால் நீக்ரோஸ் தீவு. அதன் மேற்குப் பாதியான நீக்ரோஸ் ஆக்ஸிடெண்டல் மாகாணமும் அதன் பெரிய நகரமான பக்கோலோதும் ஹிலிகைனோன் பேசுகின்றன. காபிஸ் மாகாணத்தில் காபிஸ்னோன் என்ற நெருங்கிய உறவு மொழி பேசுகிறார்கள். அங்கே ஹிலிகைனோனும் தாராளமாகச் செல்லும்.

நீக்ரோஸுக்கு இந்த மொழி பரவியதற்குப் பின்னால் கரும்பு இருக்கிறது. 1855இல் இலோயிலோ துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் துணைத் தூதராக நிக்கோலஸ் லோனி வந்து சேர்ந்தார். சர்க்கரை வணிகம் சூடுபிடித்தது. பனாயிலிருந்து பண்ணை முதலாளிகளும், அவர்கள் பின்னால் கூலி வேலைக்காரர்களும் நீக்ரோஸுக்குப் போய்க் குடியேறினார்கள். கரும்புத் தோட்டத்தோடு மொழியும் போனது.

இதே மாதிரி இன்னொரு குடியேற்றம் 1939இல் நடந்தது. பவுலினோ சாண்டோஸ் என்ற தளபதியின் பொறுப்பில், தெற்கே மிண்டனாவ் தீவின் கொரோனதால் பள்ளத்தாக்கில் அரசே மக்களைக் கொண்டுபோய் நிலம் கொடுத்துக் குடியமர்த்தியது. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தவர்களில் பனாய்க்காரர்கள் ஏராளம். அதனால்தான் இலோயிலோவிலிருந்து அவ்வளவு தொலைவில் இருக்கும் கொரோனதால் நகரத்தில் இன்றும் ஹிலிகைனோன் கேட்கலாம். தெற்கு கொத்தபாத்தோ, சுல்தான் குதாரத் மாகாணங்களில் பல ஊர்களில் இதுதான் பேச்சு மொழி.

இனி எங்கே இது உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பனாய் தீவிலேயே மேற்குக் கரையான அந்திக்கே மாகாணத்திலும், இலோயிலோ மாகாணத்தின் உள்நாட்டு ஊர்கள் பலவற்றிலும் கினராய்-ஆ பேசுவார்கள். அது தனி மொழி. ஹிலிகைனோனில் "இல்லை" என்பதற்கு வலா என்றால் அங்கே வரா. வடக்கே அக்லானில் அக்லானோன். போராக்காய் கடற்கரை அந்த மாகாணத்தில்தான் இருக்கிறது. நீக்ரோஸின் கிழக்குப் பாதியில் செபுவானோ. ஆக்ஸிடெண்டல் மாகாணத்துக்குள் இருந்தாலும் சான் கார்லோஸ் நகரமும் செபுவானோதான். மருத்துவம் படிக்கத் தாவோ நகரத்துக்குப் போகும் தமிழ் மாணவர்கள் செபுவானோ படியுங்கள், ஹிலிகைனோன் வேண்டாம்.

ஒரு சின்னத் தகவல்: பழைய வரைபடங்களில் பக்கோலோத் "மேற்கு விசாயாஸ்" பகுதியில் இருக்கும். 2024இல் நீக்ரோஸ் தீவு தனி நிர்வாகப் பகுதி ஆகிவிட்டது. மொழியில் இதனால் மாற்றமில்லை, விண்ணப்பப் படிவம் நிரப்பும்போது மட்டும் கவனியுங்கள்.

பெயர்க் குழப்பமும் ஒன்று உண்டு. எழுத்திலும் பள்ளியிலும் மொழியை ஹிலிகைனோன் என்பார்கள். தெருவில் கேட்டால் "இலோங்கோ" என்றுதான் சொல்வார்கள். இலோங்கோ என்பது அந்த மக்களுக்கும் பெயர். இரண்டும் ஒன்றுதான், தயங்க வேண்டாம்.

இரண்டாம் படி: காதைப் பழக்குங்கள்

எழுத்து ரோமன் எழுத்துதான், அதனால் படிப்பதில் சிரமம் இல்லை. ஒலியில் தமிழர்களுக்கு ஒரு வசதியும் ஒரு சிக்கலும் இருக்கின்றன.

வசதி, ங. சொல்லின் தொடக்கத்தில் இந்த ஒலி வந்தால் ஐரோப்பியர்கள் திணறிப்போவார்கள். ஹிலிகைனோனில் அது சர்வ சாதாரணம்: "ஏன்" என்பதற்கு ஙாஆ, சொற்களை ஒட்டவைக்கும் இணைப்புச் சொல் ஙா. பள்ளிக்கூடத்தோடு நாம் மறந்துபோன ங வரிசையை இங்கே எடுத்துப் பயன்படுத்தலாம்.

சிக்கல், வல்லின எழுத்துகள். தமிழில் "கங்கு" என்று எழுதுகிறோம். முதல் க ஒரு மாதிரி, இரண்டாவது க வேறு மாதிரி ஒலிக்கிறது, எழுத்து ஒன்றுதான். ஹிலிகைனோனில் அவை இரண்டும் வெவ்வேறு எழுத்து, மாற்றிச் சொன்னால் சொல்லே மாறிவிடலாம். த, ப இரண்டுக்கும் இதே கதைதான். நான் இங்கே தமிழ் எழுத்தில் தரும் சொற்கள் வழிகாட்டி மட்டுமே. ஊர்க்காரர் ஒருவர் சொல்லக் கேட்டு ஒலியைத் திருத்திக்கொள்ளுங்கள்.

சொல்லுக்கு நடுவே சிறு கோடு வந்தால் அங்கே தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்க வேண்டும். இரவு: காப்-இ. எப்போது: சான்-ஓ. யார்: சின்-ஓ. அடைக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. இகரமும் எகரமும், உகரமும் ஒகரமும் ஒன்றுக்கொன்று மாறி ஒலிக்கும், எழுத்திலும் மாறி வரும். ஒரே சொல்லை இரண்டு கடைப் பலகைகளில் இரண்டு விதமாகப் பார்த்தால் இரண்டும் சரியே.

அப்புறம் ராகம். இலோங்கோக்காரர்கள் இழுத்து, மென்மையாக, பாடுவது போலப் பேசுவார்கள். கோபத்தில் பேசினாலும் கொஞ்சுவது போல இருக்கும் என்று மற்ற பிலிப்பைன்ஸ்காரர்கள் சொல்வது வழக்கம். அந்த இழுவையைக் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெடுக்கென்று பேசினால் சொல் சரியாக இருந்தாலும் கேட்பவருக்குக் கடுமையாகப் படும்.

மூன்றாம் படி: வணக்கமும் விளிச்சொல்லும்

காலை வணக்கம்: மஆயோங் ஆகா. நண்பகலில் மஆயோங் உத்தோ, பிற்பகலில் மஆயோங் ஹாப்போன், இரவில் மஆயோங் காப்-இ. நன்றி: சலாமத். மனதாரச் சொல்ல, சலாமத் கித். ஆமாம்: ஹூஓ. தெரியாது: அம்போத். தயவுசெய்து: பலிஹோக். கிளம்புகிறவரிடம் ஹாலோங் என்றால் "பார்த்துப் போய் வா" என்று அர்த்தம்.

தெருவில் தெரிந்தவர் எதிரே வந்தால் "திஇன் கா மக்காத்தோ?" என்பார், அதாவது எங்கே போகிறாய். விசாரணை என்று நினைக்க வேண்டாம், நம் ஊரில் கேட்பது போலத்தான். "திரா லாங்" (சும்மா, அங்கேதான்) என்றால் போதும். மதியம் ஆனால் "நக்காபன்யாகா கா நா?" என்று கேட்பார்கள். மதியச் சாப்பாடு ஆச்சா என்று பொருள்.

மரியாதை விஷயத்தில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். தகாலோக்கில் பெரியவர்களிடம் வாக்கியத்துக்கு வாக்கியம் "போ" சேர்ப்பார்கள். ஹிலிகைனோனில் அப்படி ஒரு சொல் இல்லை. குரலின் மென்மையும் விளிச்சொல்லும்தான் மரியாதையைச் சுமக்கின்றன. உங்களைவிட மூத்த ஆணை மானோங், சுருக்கமாக நோங் என்று அழையுங்கள். மூத்த பெண்ணை மானாங், நாங். நமக்கு அண்ணன், அக்கா போல. ஜீப்னி ஓட்டுநரும் நோங்தான், காய்கறி விற்கும் அம்மாவும் நாங்தான். சின்னப் பையன் தோத்தோ, சின்னப் பெண் இந்தாய். வளர்ந்தவர்களையும் வீட்டில் செல்லமாக அப்படியே கூப்பிடுவதுண்டு. பெயரை மட்டும் சொல்லி மூத்தவரை அழைப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

நான்காம் படி: சின்னச் சொற்களை முதலில் பிடியுங்கள்

இலக்கணப் புத்தகங்கள் வினைச்சொல்லில்தான் தொடங்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழ் பேசுகிறவர் ஹிலிகைனோனுக்குள் நுழைய மிக எளிதான வாசல், வாக்கியத்துக்கு நடுவே உதிர்ந்து கிடக்கும் குட்டிச் சொற்கள். ஆங்கிலத்தில் விளக்க ஒரு பத்தி தேவைப்படும் இவற்றுக்குத் தமிழில் ஒரே ஒரு விகுதி போதும்.

கித் என்பது அழுத்தம். நம் "தான்", "ஏ", "ரொம்ப" எல்லாம் சேர்ந்தது. நாமித் என்றால் ருசி. நாமித் கித் என்றால் அப்படி ஒரு ருசி. இலோங்கோ பேச்சில் இந்தச் சொல் விழாத ஒரு நிமிடத்தைக் காண்பது கடினம்.

மான் என்பது நம் "உம்". அக்கோ என்றால் நான். அக்கோ மான் என்றால் நானும். லாங் என்பது "மட்டும்" அல்லது "சும்மா". நா என்றால் ஏற்கெனவே ஆகிவிட்டது, பா என்றால் இன்னும் ஆகவில்லை அல்லது தொடர்கிறது. அனாய் என்பது "முதலில்", "கொஞ்சம்": ஹுலாத் அனாய், கொஞ்சம் பொறு. கலி என்பது புதிதாக ஒன்று தெரியவந்த வியப்பு: அமோ கலி! அட, அப்படியா!

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது குனோ. பிறர் சொல்லிக் கேட்டதைச் சொல்லும்போது இதைச் சேர்ப்பார்கள். மஉலான் குனோ புவாஸ்: நாளைக்கு மழை பெய்யுமாம். அந்த "ஆம்" இருக்கிறதே, அதுதான் குனோ. வதந்தியையும் கேள்விப்பட்ட செய்தியையும் நேரில் கண்டதிலிருந்து பிரித்துச் சொல்லத் தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு சலுகையும் உண்டு. "நாம்", "நாங்கள்" வேறுபாடு ஹிலிகைனோனில் அப்படியே இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்தால் கித்தா, விலக்கினால் கமி. ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் இதை மனப்பாடம் செய்ய வேண்டும், உங்களுக்கு இயல்பாகவே வரும்.

ஐந்தாம் படி: சந்தையிலும் ஜீப்னியிலும்

விலை கேட்க: தக்பிலா இனி? (இது என்ன விலை?) மீன் புதிதா என்று கேட்க: லாப்-ஆஸ் பா இனி? விலை அதிகம் என்றால் மஹால், மலிவு என்றால் பராத்தோ. சின்ன எண்கள் ஊர் மொழியிலேயே வரும்: இசா, துஹா, தத்லோ, அபாத், லிமா. ஆனால் பணத்துக்கும் மணிக்கும் ஸ்பானிய எண்கள்தான் அதிகம் புழங்கும். இருபது பைந்தே, ஐம்பது சிங்குவென்தா, இரண்டு மணி அலாஸ் தோஸ். இந்த இரண்டு வரிசையையும் படித்தால்தான் சந்தையில் தப்பிக்க முடியும்.

அரிசி விஷயத்தில் நமக்குப் பழக்கமான நுணுக்கம் இங்கேயும் இருக்கிறது. நெல் ஹுமாய், அரிசி புகாஸ், சோறு கான்-ஒன். கடையில் போய்க் கான்-ஒன் கேட்டால் ஆக்கிய சோறு தருவார்கள்.

ஜீப்னியில் கட்டணத்தைக் கையிலிருந்து கைக்குக் கடத்தி ஓட்டுநரிடம் சேர்க்க வேண்டும். நீட்டும்போது "பாயாத், பலிஹோக்" என்று சொல்லுங்கள். இறங்க வேண்டிய இடம் வந்தால் "சா லுகார் லாங்". வலது பக்கம் துஓ, இடது பக்கம் வலா. "இல்லை" என்பதற்கும் ஏறக்குறைய இதே ஒலிதான், முடிவில் தொண்டை அடைப்பு மட்டும் கூடுதல். வழி கேட்கும்போது அவர்கள் கை எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பாருங்கள்.

சாப்பாடு பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றிப் பேச முடியாது. இலோயிலோவுக்கு 2023இல் யுனெஸ்கோ உணவுக்கலை நகரம் என்ற தகுதி கிடைத்தது. லா பாஸ் பகுதியின் பாச்சோய் என்ற நூடுல்ஸ் சூப், மோலோ பகுதியின் பன்சித் மோலோ, பக்கோலோதின் இனாசால் என்ற சுட்ட கோழி, இவை மூன்றும் பேர்போனவை. வீட்டுச் சமையலில் காத்யோஸ் கேட்டுப் பாருங்கள். காத்யோஸ் என்பது நம் துவரை. அதைப் பன்றிக்கறியும் பலாக்காயும் போட்டு, பதுவான் என்ற புளிப்புக் காய் சேர்த்துக் கொதிக்கவிடுவார்கள். கறி சாப்பிடாதவர்கள் "வலா அக்கோ நகாகாஓன் சாங் கார்னே" (நான் இறைச்சி சாப்பிடுவதில்லை) என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஆறாம் படி: வினைச்சொல்

இங்கேதான் தமிழ் மூளை கொஞ்சம் வளைய வேண்டியிருக்கும். நமக்கு வினை கடைசியில் வரும், அவர்களுக்கு முதலில். நாம் வினையின் பின்னால் ஒட்டுகிறோம். அவர்கள் பெரும்பாலும் முன்னால் ஒட்டுகிறார்கள்.

லூத்தோ என்றால் சமையல். செய்தவரை மையமாக வைத்துச் சொல்ல: நக்லூத்தோ (சமைத்தார்), நகாலூத்தோ (சமைக்கிறார்), மகாலூத்தோ (சமைப்பார்). செய்யப்பட்ட பொருளை மையமாக வைத்துச் சொல்ல: கின்லூத்தோ, கினாலூத்தோ, லுத்துஓன். எடுத்துக்காட்டாக, "நக்லூத்தோ சி நானாய் சாங் இஸ்தா" என்றால் அம்மா மீன் சமைத்தார். பேச்சு அம்மாவைப் பற்றியது, ஏதோ ஒரு மீன். "கின்லூத்தோ நி நானாய் ஆங் இஸ்தா" என்றால் பேச்சு அந்தக் குறிப்பிட்ட மீனைப் பற்றியது. அதை அம்மா சமைத்துவிட்டார். இந்த இரண்டு வரிசைகளும் வாயில் படிந்துவிட்டால் அன்றாடப் பேச்சில் பாதியைப் பிடித்துவிடலாம். பேச்சில் நகா என்பது வெறும் கா ஆகச் சுருங்கும், காதில் அப்படித்தான் விழும்.

மறுப்புக்கு இரண்டு சொற்கள். நடந்ததையும் நடப்பதையும் மறுக்க வலா: வலா அக்கோ நக்காஓன், நான் சாப்பிடவில்லை. வரப்போவதை மறுக்க இந்தி: இந்தி அக்கோ மக்காஓன், சாப்பிட மாட்டேன். (மொழியின் பெயரோடு இதற்குச் சம்பந்தம் இல்லை.) "இல்லை", "மாட்டேன்" என்று பிரித்துப் பேசிப் பழகியவர்களுக்கு இது கடினமாக இராது.

தகாலோக்கோ செபுவானோவோ தெரிந்தவர்கள் கவனிக்க

உறவு மொழிகள் என்பதால் ஒரே ஒலியில் வேறு பொருள் தரும் சொற்கள் நிறைய. சுபோங் என்றால் இப்போது, கரோன் என்றால் இன்றைக்கே சற்று நேரம் கழித்து. செபுவானோவில் கரோன் என்றாலே இப்போது. பக்கோலோத்காரர் ஒருவரும் செபுக்காரர் ஒருவரும் "கரோன்" சந்திப்பதாகப் பேசிக்கொண்டால் ஒருவர் காத்துக்கிடப்பார். தகாலோக்கில் பாக்கால் என்பது இரும்பு, இங்கே வாங்குவது. அங்கே புலோங் கிசுகிசு, இங்கே மருந்து. அங்கே தாமோ புல், இங்கே நிறைய; "மதாமோ கித் ஙா சலாமத்" என்றால் மிக்க நன்றி. அங்கே பாத்திங் சுறா, இங்கே புறா. லிபோக் இங்கே குழப்பம். மணிலாவில் அதற்குக் கொச்சையான பொருள், அங்கே போய்ச் சொல்லாதீர்கள்.

மருத்துவரிடம் போனால்: மசாக்கித் ஆங் அக்கோன் ஊலோ, எனக்குத் தலை வலிக்கிறது. ஊலோவுக்குப் பதில் தியான் என்றால் வயிறு.

எங்கே, எப்படிப் பழகுவது

ஊருக்குப் போவதற்கு முன்பே வானொலி கேளுங்கள். இலோயிலோவின் பொம்போ ராத்யோ போன்ற நிலையங்கள் ஹிலிகைனோனில் செய்தி வாசிக்கின்றன, இணையத்திலும் கேட்கலாம். புரியாவிட்டாலும் கித், மான், லாங், குனோ எங்கெங்கே விழுகின்றன என்று மட்டும் காதால் பொறுக்குங்கள்.

அகராதி வேண்டுமானால் ஜான் காஃப்மன் என்ற பாதிரியார் தொகுத்து 1934இல் இலோயிலோவில் அச்சான பெரிய அகராதி இருக்கிறது. சில எழுத்து முறைகள் பழையவை, ஆனாலும் ஆழத்தில் அதை மிஞ்சுவது கடினம். 1971இல் ஹவாய் பல்கலைக்கழகம் ஹிலிகைனோன் பாடநூல், அகராதி, இலக்கணம் என்று ஒரு வரிசை வெளியிட்டது. தனியாகப் படிப்பவர்களுக்கு அந்தப் பாடநூல் நல்ல துணை. கூகுள் மொழிபெயர்ப்பில் 2024 முதல் ஹிலிகைனோன் இருக்கிறது. ஒற்றைச் சொல்லுக்குப் பயன்படும். நீண்ட வாக்கியத்தை அதை நம்பி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

ஊரில் குழந்தைகள் இருக்கும் வீடு கிடைத்தால் அதுவே நல்ல வகுப்பு. தொடக்கப் பள்ளிகளில் தாய்மொழிவழிக் கல்வியை 2013ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியிருந்தது; சின்ன வகுப்புகளுக்கு ஹிலிகைனோனிலேயே பாடப்புத்தகங்கள் வந்தன. 2024இல் வந்த புதிய சட்டம் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான்; வீட்டில் பேசும் மொழியில் முதல் எழுத்தைப் படிப்பது ஒரு குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய உரிமை. அந்தப் பழைய புத்தகங்கள் கைக்குக் கிடைத்தால் வாங்கி வையுங்கள், பெரியவர்கள் தொடங்கவும் அவை ஏற்றவை.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். நீங்கள் வெளிநாட்டவர் என்று தெரிந்ததும் எதிரே இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். விருந்தினருக்குச் சிரமம் தரக்கூடாது என்ற நல்லெண்ணம் அது. சிரித்த முகத்தோடு "நகாதுஓன் பா லாங் அக்கோ சாங் ஹிலிகைனோன்" (இப்போதுதான் ஹிலிகைனோன் படித்துக்கொண்டிருக்கிறேன்) என்று சொல்லுங்கள். கூடவே "ஹினாய்-ஹினாய் லாங், நோங்" என்று சேர்த்தால், மெதுவாகப் பேசுங்கள் அண்ணா என்று கேட்டதாக ஆகும். பெரும்பாலானவர்கள் அதற்குப் பிறகு ஆங்கிலத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்லித்தருவார்கள்.